மூட்டையைத் திருப்பிப் பார்ப்பவர்கள்

நாய்த்தீனி வியாபாரத்தில் வாங்குகிறவர் தின்பதில்லை, தின்கிறவர் வாங்குவதில்லை. நடுவில் நிற்கிற கடைக்காரிதான் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் சேகர் மாட்டுத்தீவனமும் கோழித்தீவனமும் விற்கிறார். சுவரோரமாக நாய், பூனைத் தீனிக்கென்று இருக்கிற அலமாரிகள் என் பொறுப்பு. அவருடைய வியாபாரம் சுலபம். புண்ணாக்கு வாங்க வருகிறவர் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்ப்பார், விரலால் நசுக்கிப் பார்ப்பார், சரி என்பார். என் மூட்டைகளோ நாலு பக்கமும் ஒட்டியபடிதான் வரும். முன்பக்கத்தில் ஒரு நாய் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி இங்கிலீஷ். உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்த எறும்பு எழுத்தில்தான் இருக்கிறது.

நான் பி.காம். படித்தவள். அந்த எழுத்தைப் படிக்க காலேஜில் யாரும் சொல்லித்தரவில்லை. கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்களும், வீட்டில் ஒரு நாயை வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களும், இதை நம்ம பாடு என்று நினைத்தே படிக்கலாம்.

என்ன கறி?

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஆமினாம்மா வருவார். மகன் துபாயில் வேலை. லீவில் வந்தவன் ஆசைப்பட்டு ஒரு வெள்ளைப் பூனையை வாங்கி, திரும்பிப் போகும்போது அம்மாவிடம் விட்டுப் போய்விட்டான். முதல் நாள் ஒரு டப்பாவை எடுத்து, "இதுல என்ன கறிம்மா?" என்றார். பின்பக்கத்தைப் படித்து, "கறியும், மிருகத்தோட மத்த பாகங்களும்னு போட்டிருக்குங்க" என்றேன். "அதான் கேக்குறேன், எந்த மிருகம்?" என்றார். டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எந்த மிருகம் என்று எங்கேயும் இல்லை. "நான்தாம்மா கையால எடுத்துப் போடணும், நான்தான் கிண்ணத்தக் கழுவணும். ஹராமான கறியா இருந்தா எனக்கு ஆவாதுல்ல?" என்றார். நியாயமான கேள்வி.

திருச்சியிலிருந்து வாராவாரம் வரும் கம்பெனி ஆள் பிரகாஷுக்குப் போன் போட்டேன். சின்ன வயதுக்காரர், எதையும் மழுப்ப மாட்டார். அந்த டப்பாவைச் செய்கிறவர்களிடம் விசாரித்து, அடுத்த வாரம் வந்தபோது சொன்னார்: அந்தந்த நேரத்தில் எந்தக் கறி மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் போடுவார்களாம், இன்றைக்குப் போட்டது நாளைக்கு இருக்காதாம். அன்றிலிருந்து எந்த மூட்டை வந்தாலும் மிருகத்தின் பெயர் போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன். ஆமினாம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் கோபப்படவில்லை. டப்பாவை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "பேரைச் சொல்லக் கூச்சப்படற கறிய நான் ஏம்மா என் பூனைக்குப் போடணும்? மீனுன்னா மீனுன்னு எழுதியிருக்கறத எடுங்க."

மூன்று இடத்தில் மக்காச்சோளம்

அரும்பாவூர் கலியமூர்த்தி அண்ணன் மாட்டுத்தீவனத்துக்காக வருகிறவர். மக்காச்சோளம் போட்டிருக்கிறார். காட்டுப்பன்றி இறங்காமல் இருக்க வயலில் ஒரு பெண் நாய் வைத்திருந்தார். அது குட்டி போட்டிருந்தது. "தாய் எலும்பும் தோலுமா ஆயிடுச்சு தங்கச்சி. பால் ஊறணும். நல்லதா ஒண்ணு குடு" என்றார். ஒரு மூட்டையைக் காட்டி, "இதுல கோழிதாண்ணே முதல்ல போட்டிருக்கு. எது எடையில அதிகமோ அதத்தான் முதல்ல எழுதணும்னு முறை" என்று பெருமையாகச் சொன்னேன். "முழுசாப் படி" என்றார்.

படித்தேன். கோழி, மக்காச்சோளம், மக்காச்சோளப் புரதம், மக்காச்சோளத் தவிடு. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மூணும் என் வயல்ல வெளையறதுதான? ஒரே கருதுலேருந்து வந்தத மூணாப் பிரிச்சு எழுதியிருக்கான். மூணையும் ஒண்ணாச் சேத்து நிறுத்துனா கோழி எங்க நிக்கும்?" நான் மறுபடி படித்தேன். சேர்த்தால் கோழி பின்னால்தான் நிற்கும். எத்தனையோ தடவை நான் படித்த வரிதான். அவர் ஒரு தடவை காதால் கேட்டதோடு சரி. வேறு மூட்டையை எடுத்து, அதிலும் மூன்று வரி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினார். போகும்போது சேகரிடம் சொன்னார்: "ஒரே வூட்டுல இருந்துகிட்டு மூணு ரேஷன் கார்டு வாங்கியிருக்கான் மாப்ள, சோளக்காரன்."

படத்தில் இருந்த கோழி

ஆரோக்கியமேரிக்கு ஊர் வரதராஜன்பேட்டை. இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருந்துச் சீட்டு படித்துப் பழகிய கண் என்பதால் பொடி எழுத்துக்கெல்லாம் அசரமாட்டார். தவக்காலம் தொடங்கின வாரம் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். வீட்டில் யாரும் கறி சாப்பிடுவதில்லை, நாய்க்கு மட்டும் எப்படிப் போடுவது என்று மாமியார் கேட்கிறாராம். நாய்க்கு விரதம் வேண்டாம் என்று எடுத்துச் சொல்ல வேண்டும், அதற்கு முன் வழக்கமாக வாங்குகிற மூட்டையில் எவ்வளவு கறி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்று திருப்பினார்.

முன்பக்கத்தில் ஒரு முழுக்கோழி பொன்னிறமாக வறுபட்டுத் தட்டில் இருந்தது. பின்பக்கத்தில் கோதுமை, அரிசித் தவிடு, சோயா, எண்ணெய் என்று விரலை நகர்த்திக்கொண்டே போனார். விரல் அடிவரைக்கும் போனது. உப்புக்கு ஒரு வரி மேலே கோழி இருந்தது. உப்பைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நான் வேறு மூட்டையைத் தேடப் போனேன். ஆரோக்கியமேரி படத்தில் இருந்த கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "அத்தைகிட்ட சொல்லிடறேன்க்கா, எங்க வூட்டு நாயி வருசம் பூராவும் தவக்காலந்தான் இருந்துருக்குன்னு."

சாம்பல்

ஒரு அம்மா மூட்டையைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மகள் படித்துச் சொன்னாளாம், இதில் சாம்பல் கலந்திருக்கிறதாம். பார்த்தால் நிஜமாகவே போட்டிருந்தது. புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரம், அதற்கடுத்து சாம்பல். "நாயிதானேன்னு அடுப்புச் சாம்பலையா கொட்டுவாங்க?" என்று அந்த அம்மா கேட்டார். எனக்கும் அது என்னவென்று தெரியாது.

பூனைத் தீனி வாங்க நின்றிருந்த பாலமுருகன்தான் உதவிக்கு வந்தார். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் பேக்டரி லேபில் வேலை பார்க்கிறார். "அக்கா, லேபுல சாம்பிள உலையில வெச்சு எரிப்போம். எரியறதெல்லாம் எரிஞ்சு போயிடும். எரியாம மிச்சம் நிக்கிறது உப்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து. அதைத்தான் சாம்பல்ங்கறது. இதுலயும் கொஞ்சத்த எரிச்சுப் பாத்துருக்காங்க. எலும்பை நெறைய அரைச்சுப் போட்டிருந்தா சாம்பல் கூடக் காட்டும்" என்றார். பக்கத்து மூட்டையையும் திருப்பி இரண்டையும் ஒப்பிட்டு, இந்த அம்மா வாங்கினதில்தான் குறைவு என்று காட்டினார். அவசரமாகப் போக வேண்டியவர், அந்த அம்மாவின் முகம் தெளிகிறவரைக்கும் நின்று பேசினார். கடைசியாக மூட்டையை அவரே தூக்கி வண்டியில் வைத்துச் சொன்னார்: "எங்க சிமென்ட் மூட்டையில சாம்பல்னு போட்டிருந்தா அது நாங்க கலக்கறதுக்குன்னே கொட்டுன நிலக்கரிச் சாம்பல். இதுல போட்டிருக்கறது யாரும் கொட்டாதது. பயப்படாமப் போடுங்க அக்கா."

நாக்கு

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பரோட்டா மாஸ்டர் ஒருவர், நான் லேபிளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சாம்பிள் பாக்கெட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டு மென்றுவிட்டார். தடுக்க நேரமில்லை. கண்ணை மூடி யோசித்தார். இரண்டாவது கம்பெனி உருண்டையையும் மென்றார். முதலாவதில் எண்ணெய் சிக்கு வாடை, இரண்டாவது பரவாயில்லை என்றார். முதல் பாக்கெட்டில் தேதி முடியப்போகிறது என்பதை அதற்கப்புறம்தான் நான் பார்த்தேன். நாய்த்தீனியைத் தின்னலாமா மாஸ்டர் என்று கேட்டதற்கு, வாயைக் கொப்பளித்துவிட்டு, "படிச்சவங்க படிச்சுக்கங்க. எனக்கு நாக்குதான் லேபிளு" என்றார்.

தண்ணீர்

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொந்த நாய்க்காக வரும்போதெல்லாம் நான் ஏதாவது ஒரு சந்தேகம் சேர்த்து வைத்திருப்பேன். ஒரு மூட்டையில் 'பச்சைக் கோழிக்கறி' என்று முதலில் போட்டிருந்தது. இன்னொன்றில் 'காயவைத்து அரைத்த கோழி' என்று இரண்டாவதாகப் போட்டிருந்தது. முதலாவதுதானே உசத்தி என்று கேட்டேன். "சந்தையில மீன் வாங்குவீங்க, கருவாடும் வாங்குவீங்கல்ல?" என்று கேட்டார். "ஒரு கூடை மீனைக் காயப்போட்டா எவ்வளவு கருவாடு மிஞ்சும்? கறியும் அப்படித்தான். பச்சையா நிறுத்தா எடை நிக்கும். மாவாக்கி, சுட்டு, உருண்டையாக்கும்போது தண்ணி போயிடும். ஏற்கெனவே காயவெச்சு நிறுத்தது அப்படியே நிக்கும்." இரண்டு மூட்டையையும் நான் மாறி மாறிப் பார்த்தேன். அப்படியானால் முதலாவது பொய்யா என்று கேட்டதற்கு, பொறுமையாகத்தான் சொன்னார்: "கோழி மேல ஒரு தப்பும் இல்ல. தண்ணிதான் முன்னாடி வந்து உக்காந்துருக்கு."

முன்னால் ஆடு

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற முருகேசனும் அவர் மனைவி அஞ்சலையும் ஒரு மதியம் கடைக்கு வந்தார்கள். ஆட்டோவில் பின்சீட்டில் பழைய சேலையைப் போர்த்தி ஒரு நாய் படுத்திருந்தது. பெயர் ராணி. சேலையை விலக்கிக் காட்டினார் அஞ்சலை. முதுகில் முடியே இல்லை. தோல் சிவந்து, சொறிந்து சொறிந்து புண்ணாகி, ஈரம் கசிந்துகொண்டிருந்தது. கிட்டே போக முடியாத நாற்றம். கொண்டுபோய் நாலுவழிச் சாலையில் விட்டுவிட்டு வாருங்கள் என்று தெருவே சொல்கிறதாம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதை அவர்கள் சொல்லவில்லை, ராணியை அஞ்சலை தூக்கி மடியில் வைத்த விதத்தில் எனக்கே தெரிந்தது.

டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். தோலைச் சுரண்டிப் பார்த்ததில் பூச்சி எதுவும் இல்லை. சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, அநேகமாகக் கோழி. அதனால் இரண்டு மாதம் கோழியே இல்லாத தீனி மட்டும், வேறு எதுவும் வாயில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் 'ஆட்டுக்கறி' என்று முன்னால் பெரிதாகப் போட்டிருந்த மூட்டையை எடுத்தேன். அந்த மூட்டை பிரகாஷின் கம்பெனியுடையது. மாதக் கடைசி, சொன்ன அளவு விற்கவில்லை என்று அவர் என் கடையிலேயே சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். நான் பின்பக்கத்தைத் திருப்புவதற்குள் அவர் எழுந்து வந்தார். "அண்ணே, இது வேணாம்ணே" என்றார்.

மூட்டையை வாங்கித் திருப்பி, ஒரு வார்த்தையில் விரலை வைத்தார். "முன்னாடிதான் ஆடு. பின்னாடி பாருங்க, மூணாவதா கோழி போட்டிருக்கு. அடியில கோழிக் கொழுப்பு வேற." என் அலமாரியில் இருந்த அத்தனை மூட்டைகளையும் இருவருமாகத் திருப்பினோம். மாடு என்று போட்டதிலும் கோழி, மீன் என்று போட்டதிலும் கோழி. அஞ்சலை ஒவ்வொரு மூட்டைக்கும் குனிந்து, நாங்கள் விரல் வைக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரகாஷ் காட்டின அந்த வார்த்தையைத் தன் போனில் படமும் எடுத்துக்கொண்டார். கடைசியில் போட்டிக் கம்பெனி ஒன்றின் பெயரைப் பிரகாஷே சொன்னார். மீனும் அரிசியும் மட்டும் போட்டது, திருச்சியில் கிடைக்கும் என்று. அவரே வரவழைத்தும் கொடுத்தார். அன்று அவர்கள் போனதும், உங்கள் மேலதிகாரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பிரகாஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "கம்பெனிக்கு நான் பதில் சொல்லிக்குவேங்க. இத வாங்கிட்டுப் போயி அது சொறிஞ்சுகிட்டே கெடந்துச்சுன்னா, அதுக்கு யாரு என்ன பதில் சொல்றது?"

ஒரே மாதிரி எழுத்து

இரண்டு வாரம் போனது, மூன்றாவது வாரமும் போனது. ராணியின் அரிப்பு கொஞ்சம் குறைந்ததோடு சரி, நிற்கவில்லை. முருகேசன் போனில் பேசியபோது குரலே மாறியிருந்தது. "என்னால பாக்க முடியலங்க. ராத்திரி முழுக்க அவ அத மடியில போட்டு விசிறிகிட்டு உக்காந்துருக்கா. ஊசி போட்டு முடிச்சுடலாமான்னு டாக்டரம்மாகிட்ட கேக்கப் போறேன்" என்றார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது அஞ்சலை தனியாகப் படியில் நின்றிருந்தார். அரியலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் ஒரு கட்டைப்பை. ராணி வாயில் படுகிற எல்லாவற்றையும் அதில் எடுத்து வந்திருந்தார்: மீன் தீனியில் ஒரு கை, தண்ணீர் வைக்கிற கிண்ணம், ரொம்ப நாளாகக் கொடுக்கிற ஒரு சத்து டானிக் பாட்டில், மாத்திரை அட்டை. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். டானிக்கை மருந்து என்று நினைத்ததால் டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றித்தானே கேட்டோம்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க" என்று ஆரம்பித்தார். போனைத் திறந்து, பிரகாஷ் விரல் வைத்த வார்த்தையின் படத்தைப் பெரிதாக்கினார். டானிக் பாட்டிலை அதன் பக்கத்தில் வைத்தார். "நேத்து சாயந்தரம் ஒவ்வொண்ணா எடுத்து இதோட ஒட்டி ஒட்டிப் பாத்தேன். இந்த எழுத்து மொதல்ல வளைஞ்சு வருது, அங்கயும் வளைஞ்சு வருது. அடுத்தது ஏணி மாதிரி நிக்குது, அங்கயும் நிக்குது. கடைசி வரைக்கும் ஒண்ணு போலத்தான் இருக்கு. ரெண்டும் ஒரே வார்த்தைங்களா?" பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி எழுத்தில், கோழிச் சுவையூட்டப்பட்டது என்று இருந்தது. ஒரே வார்த்தைதான் என்றேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். சுவைக்குச் சேர்ப்பது கோழியிலிருந்தே எடுத்ததாகவும் இருக்கலாம், உடனே நிறுத்துங்கள், இன்றிலிருந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்றார். அஞ்சலை மறுபடி ஆரம்பித்தார். ராணி படுக்கிற இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, தெருப் பிள்ளைகள் பிஸ்கட் போடாமல் பார்த்துக்கொண்டாராம். ஒரு மாதம் கழித்து முருகேசன் அனுப்பின படத்தில் புண்ணெல்லாம் காய்ந்திருந்தது. அதற்கப்புறம் முதுகில் பூனை முடி மாதிரி மெல்லிசாக ஒரு கறுப்பு. பொங்கலுக்கு முந்தின வாரம் மூன்று பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ராணி கன்னங்கரேலென்று மினுக்கிக்கொண்டு, என் அலமாரியை மோப்பம் பிடித்தபடி நடந்தது. முன்பு போர்த்தி வந்த நாய் இதுதான் என்று சொன்னபோது சேகர் நம்பவே இல்லை.

அஞ்சலை அலமாரியில் புதிதாக வந்திருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அந்த ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். இப்போது போன் தேவைப்படவில்லை. இருந்ததை இடப்பக்கமும் இல்லாததை வலப்பக்கமும் பிரித்து வைத்தார். நான் சரிபார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. முருகேசன் கதவில் சாய்ந்து மனைவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் இருந்த பெருமையை எழுத எனக்குத் தெரியவில்லை, அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "வண்டி ஓட்ட ஆரம்பிச்ச நாள்லேருந்து நான் லாரிக்குப் பின்னாடி எழுதியிருக்கறதத்தாங்க படிக்கிறேன். இவ மூட்டைக்குப் பின்னாடி எழுதியிருக்கறதப் படிச்சு ஒரு உசுரக் காப்பாத்திட்டா."

இவர்களால் நாய்த்தீனி மூட்டையில் கடைசி வரி வரைக்கும் படிக்கப் பழகிவிட்ட நான், நானும் சேகரும் தினமும் டீயில் நனைத்துத் தின்கிற பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் இன்றுவரை திருப்பிப் பார்க்காமலே பத்திரமாக வைத்திருக்கிறேன்.